மோரிஸின் எண்

அவள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

முதுகுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தாள். ஒரு கையில் வெள்ளைத்தாள், மறு கையில் பென்சில். அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணின் மேல் தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தாள்.

தூத்துக்குடி துறைமுகத்தில், வந்திறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டாக இருபத்திரண்டு வருடம். மற்றவர்கள் இந்த வேலைக்கு ஆள் அனுப்புவார்கள். அவளுக்கு அடுத்தவர் கண்ணில் நம்பிக்கை கிடையாது. அவள் போட்ட காகிதம் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன.

கடைசி மூன்று எண்கள் வந்ததும் கை நின்றது.

துப்பட்டா நுனியால் துருவைத் துடைத்துவிட்டு, புதுத் தாளில் மறுபடியும் தேய்த்தாள். அதே எண்தான் வந்தது.

காரின் உரிமைப் பத்திரத்தில் இருப்பது வேறு எண்.

வெளியே வந்து முன்மூடியைத் திறந்தாள். உள்ளே சின்னப் பித்தளைத் தகடு. அதில் பத்திரத்து எண் அச்சுப் பிசகாமல் இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகுகளில் இரண்டு மட்டும் புதியவை.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

காருக்குச் சொந்தக்காரரான தங்கப்பழம் அண்ணாச்சி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பினாங்கில் அவர் வேலை பார்த்த முதலாளி வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு மோரிஸ் கார்கள் நின்றனவாம். ஒன்று மரத்தில் மோதி நொறுங்கியபோது, அதில் உருப்படியாக இருந்ததையெல்லாம் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்களாம். அப்போது தகடும் சேர்ந்து வந்திருக்கிறது. பின்னால் பத்திரம் எழுத வந்தவர் முன்மூடியைத் திறந்து தகட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். அண்ணாச்சியும் தகட்டின் மேல் தாளை வைத்துத் தேய்த்துத்தான் அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.

கப்பல் வருவதற்கு முன்பே, அந்தத் தாளை நம்பி அவள் சுங்கத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடுத்தவர் தேய்த்ததை நம்பினாள்.

அண்ணாச்சி முப்பத்துநான்கு வருடம் இந்தக் காரை ஓட்டியவர். சாகும்போது முதலாளி காரை டிரைவருக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். சம்மதக் கையெழுத்துப் போட முதலாளியின் மகன்கள் ஒன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். இப்போது எண் தப்பு என்று போய் நின்றால், மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகப் போய்விடும். அண்ணாச்சி பெயரில் இந்த உலகத்தில் எழுதப்பட்டிருக்கிற ஒரே பொருள் இந்தக் கார்தான்.

அவர் காலையிலிருந்து துறைமுக கேட்டுக்கு வெளியே நிற்கிறார். சக்கரத்துக்கு வைக்க நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறார்.

சுங்க ஆய்வாளர் கதிர்வேல் கோப்போடு வந்தார். முன்மூடிக்குள் எட்டிப் பார்த்தார். தகட்டையும் பத்திரத்தையும் ஒப்பிட்டு ஒரு டிக் போட்டார். அடுத்தது அடிச்சட்டம். அவள் முதுகில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா, நீங்க படுத்துப் பாத்த வண்டியில நான் என்னத்தப் பாக்கப் போறேன். கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

பேனா மூடியைக் கழற்றினார். நல்ல மனிதர். காரின் பின்மூடி மேலேயே கோப்பை வைத்துத் தேதியை எழுத ஆரம்பித்தார்.

மடித்த தாள் அவள் உள்ளங்கையில் ஈரமாகியிருந்தது.

சும்மா இருந்தால் போதும். கார் அவருடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாளைக்கு வண்டிப் பதிவு அலுவலகத்தில் எவனாவது குனிந்து பார்த்தால் வண்டியும் போகும், கிழவருக்குத் திருட்டு வண்டிக்காரர் என்ற பெயரும் வரும். பார்க்காமலும் போகலாம்.

பாதிக்குப் பாதி.

ஆனால் கதிர்வேல் குனியாதது அவளால்தான். அது அவளுக்குச் சுருக்கென்றது.

பேனா முனைக்கும் கோப்புக்கும் நடுவே அந்தத் தாளை விரித்து வைத்தாள்.

“குனிஞ்சு பாத்துருங்க சார்.”

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக்கையை மடித்துக்கொண்டு அட்டைப்பெட்டி மேல் முழங்காலை ஊன்றினார். எழுந்து கோப்பை எடுத்தார். நிறுத்திவைக்கப்படுகிறது, பத்திரம் எழுதிக்கொடுத்தவர்களின் திருத்தக் கடிதம் தேவை என்று எழுதினார்.

கேட் வரைக்கும் அவள் வேகமாகத்தான் நடந்தாள். மெதுவாக நடந்தால் துணிச்சல் குறைந்துவிடும் போலிருந்தது.

அண்ணாச்சி சுற்றுச்சுவரின் மேல் பழங்களை எடுத்து வைத்திருந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில் கார் மட்டும்தான் இல்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பார்க்காமல் விண்ணப்பம் போட்டது தன் தப்பு என்பதையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முதலாளியின் பெரிய மகனுடைய நம்பரைக் கேட்டாள். அந்த மகன் கோபக்காரர், போனை வைத்துவிடுவார் என்று அண்ணாச்சி தயங்கினார். வைத்தால் மறுபடி போடலாம் என்றாள்.

நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள். பினாங்கில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

கிழவர் பழங்களைத் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

“நாளாகும்லா தாயி. இதெல்லாம் வாடிப்போயிரும்.”

“வேற வாங்கிக்கிடலாம் அண்ணாச்சி.”

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். குரல் எடுத்த எடுப்பிலேயே சிடுசிடுத்தது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாகத் தன் பெயரைச் சொன்னாள். எந்த ஊர், என்ன வேலை, யாருக்காகப் பேசுகிறாள் என்று சொன்னாள்.

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பைக்குள் கையைவிட்டு, எடுத்த இரண்டு பழங்களையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.