முதல் தரப் பிணம்

ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் செத்த இறால்களுக்குத் தரம் போடுவது ஒரு நண்டின் உத்தியோகம். கால், மீசை, கண் எல்லாம் குலையாமல் இருந்தால் முதல் தரம். அந்தக் குடும்பத்துக்குப் பாசி மேய்ச்சலில் முன்வரிசை.

மரகதம் என்கிற இறால் சேற்றைக் கிளறித் தன் புருஷனைக் காட்டினாள். நண்டு கொடுக்கால் தட்டிப் பார்த்தது.

"அடேயப்பா! ஒரு மீசை முறியல. புழு வாய் வைக்கல. நாத்தம்கூட இல்லையேம்மா!"

"உயிரோட இருந்தப்பவும் அவரை யாரும் சீண்டினதில்லைங்க" என்று மரகதம் மூக்கை உறிஞ்சினாள்.

"முதல் தரம்!" என்று நண்டு கத்தியதுமே, பாசிக்குப் பின்னாலிருந்து ஓர் இறால் நொண்டிக்கொண்டு வந்தது.

"அடியே மரகதம்! அது, நான் உன்னை விட்டு ஓடினப்போ கழட்டிப் போட்ட பழைய ஓடுடி. முதுகுல கிழிசல் இருக்கு பாரு. நான் சாகவேயில்லை!"

நண்டு அவனையும் புரட்டிப் பார்த்தது. மூன்று கால்களைக் காணோம். ஒரு மீசை பாதிதான்.

"நீ மூணாந்தரம்."

"யோவ், நான் உயிரோட இருக்கேன்யா!"

"அதுக்கெல்லாம் மார்க் கிடையாது."

மரகதம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு கை சேற்றை அள்ளி, ஓட்டின் கிழிசலில் பதமாகப் பூசினாள்.

"யாருங்க நீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க வீட்டுக்காரர் மேல நிழல் விழுது."