வெள்ளைச் சுவர், நீல பால்கனி

காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வந்த திருமாறனை ஒரு சைக்கிள் இடித்துவிட்டுப் போனது. அவனுக்கு அடி இல்லை, பார்ப்பதையெல்லாம் அவரவர் ரசனைப்படி மாற்றிக் காட்டும் ரசனைக் கண்ணாடிதான் நொறுங்கிவிட்டது. நிமிர்ந்தான். தெரு முழுக்கப் பூச்சுகூடப் பார்க்காத சிமென்ட் பெட்டிகள், எல்லாம் ஒரே அச்சு. இதில் தன் வீடு எது?

மனைவி சுகிர்தாவுக்குப் போன் செய்தான்.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு. நம்ம வீட்டுக்கு என்ன அடையாளம்?"

"வெள்ளைச் சுவரு, நீல பால்கனி. இதுகூடவா மறந்துபோச்சு?"

அவன் ஆறு வருடமாகக் குடியிருப்பது ஓட்டுக்கூரையும் தேக்குத் தூண்களும் உள்ள வீட்டில். வீடு தேடிய காலத்தில், கடைக்கு நடந்தே போகிற மயிலாப்பூர்தான் வேண்டும் என்று அவனும், புதுசாகக் கட்டிய சோழிங்கநல்லூர்தான் என்று அவளும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். இந்தத் தெருவைப் பார்த்த அன்றுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போனது.

"தூணு இருக்குல்ல?"

"எந்தத் தூணு? என்ன உளர்றீங்க? இருங்க, பால்கனிக்கு வரேன்."

நாலு வீடு தள்ளி, மாடியிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள். கொஞ்சம் பருமன், காதோரம் நல்ல நரை. யார் இவள் என்று யோசித்தான். போனில் கேட்ட குரலுக்கு அவள் வாய்தான் அசைந்தது.

"ஏன் அப்படியே நின்னுட்டீங்க? அங்க அப்படி என்னதான் தெரியுது? நானும் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்கவா?"

"கழட்டாத," என்றான் அவசரமாக.

வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தான்.