சிவப்புப் போடுங்க மேடம்

"மேடம், அந்தப் பக்கம் போகாதீங்க! அங்க வெறும் பாறை!"

கிருஷ்ணப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். அவருடைய காட்டுக்குள் ஓர் இளம்பெண் குனிந்து, மண்ணை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடிதார், காலில் ஷூ. பார்த்தவுடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு வாரமாக இதே பேச்சுதான்.

எந்த மண் எதற்கு ஆகும் என்று பார்த்து அரசாங்கத்தில் மேப் போடப்போகிறார்களாம். விளைகிற நிலம் என்றால் பச்சை, விளையாத நிலம் என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில்தான் புதுத் தொழிற்பேட்டை வரும் என்று ஊரே அடித்துச் சொன்னது.

கிருஷ்ணப்பனுக்குச் சிவப்பு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

"மண்ணு பாக்கற மேடந்தானே?"

அவள் நிமிர்ந்தாள். "ஆமாங்க, அதான் என் வேலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷூவப் பாத்தாலே தெரியாதா? இது என் காடுதான். நாலு ஏக்கரா. வீணாப்போன காடு மேடம். ஒரு அடி தோண்டினா கடப்பாரை வளைஞ்சிடும்."

பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து அவள் ஒரு குத்துக் குத்தினாள். சூடான களியில் விரல் இறங்குகிற மாதிரி அது இறங்கியது.

"இந்த ஒரு எடம் மட்டுந்தான் மேடம் இப்படி" என்றார் கிருஷ்ணப்பன் அவசரமாக.

"தக்காளி நல்லா வந்திருக்கே?"

"அது தானா மொளைச்சது."

"வரிசையாவா? குச்சி நட்டு, கயிறு கட்டிக்கிட்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க ஊரு காத்து அப்படி மேடம்."

"மண்புழு வேற நெளியுது."

"பக்கத்துக் காட்டுப் புழு. வழி தெரியாம வந்திருக்கும்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஏங்க, எல்லாரும் எங்க நிலம் தங்கம்னு சொல்லுவாங்க. நீங்க ஏன் இந்தத் திட்டுத் திட்டறீங்க?"

கிருஷ்ணப்பனால் அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

"எம் பையன் மாதேஷுக்காகத்தான் மேடம். வயசு ஏறிக்கினே போவுது. ஓசூர்ல கம்பெனி வாசல்ல கேட்டைத் தெறக்கறவனுக்குப் பொண்ணு குடுக்கறாங்க. காட்டுல பாடுபடறவன்னு சொன்னா ஜாதகத்தக்கூட கையில வாங்க மாட்டேங்கறாங்க. இந்த நெலம் தொழிற்பேட்டைக்குப் போனா அவனுக்கும் ஒரு கம்பெனி வேல கெடைக்கும். வேல கெடைச்சா பொண்ணு கெடைக்கும். அவன் ஒத்தையா உக்காந்து சோறு தின்னுட்டு எந்திரிக்கறதப் பாத்தா வயிறு எரியுது மேடம். தயவு பண்ணி சிவப்புப் போட்டுடுங்க."

அவள் குனிந்து இன்னொரு பிடி மண்ணை அள்ளினாள்.

"பையன் எப்படிங்க? நல்லா விவசாயம் பண்ணுவாரா?"

பிரமாதமாகப் பண்ணுவான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் பச்சை அல்லவா விழும்! வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"அவனா? பத்து மணிக்குத்தான் எந்திரிப்பான். மம்பட்டியப் பாத்தாலே காய்ச்சல் வந்துடும். சுத்த சோம்பேறி மேடம்."

"குடிப்பாரா?"

மண் கணக்கில் இது எங்கே வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. "குடிச்சா சிவப்பு வருமா மேடம்?"

"வரலாம்."

"அப்ப குடிப்பான்னே வெச்சுக்கங்க."

"கோவம்?"

"ஐயையோ! அவன் கத்தினா ஊரே ஓடும்."

மாட்டைக்கூட அதட்டாத பிள்ளை அவன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா மாதேஷு என்று மனதுக்குள் மகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் கிருஷ்ணப்பன்.

"அப்ப சிவப்பு உறுதிதானே மேடம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள், அவர் மனைவி மங்கம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யோவ்! எத்தினி வாட்டி போன் பண்றது? தரகர் குருமூர்த்தி சொல்லாம கொள்ளாம பொண்ணு வீட்டுக்காரங்களக் கூட்டிக்கினு வந்துட்டாரு. வீடு பாக்க வந்திருக்காங்க. சொல்லிட்டு வந்தா வெள்ளையடிச்சு வெச்சிடுவோமாம்!"

கிருஷ்ணப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒரு குடும்பம் வந்தேவிட்டது! "இதோ வந்துட்டேன். இந்த மேடத்த அனுப்பிட்டு ஒரே ஓட்டம்…"

"எந்த மேடம்? பெரியவங்க காப்பி குடிக்கறதுக்குள்ள காட்டப் பாத்துட்டு வந்துடறேன்னு வந்த பொண்ணுய்யா இது! நம்ம மாதேஷுக்குப் பாத்திருக்கற வினோதா!"

வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் வருவார்கள். பெண்ணே வந்து பார்த்த கதையைக் கிருஷ்ணப்பன் கேள்விப்பட்டதே இல்லை. அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வினோதா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "எந்திரிங்க மாமா. நான் மேப் போடறது தர்மபுரி பக்கம். இங்க போடறவங்க வேற ஆளுங்க, அவங்க வந்தாலும் பச்சைதான் விழும். காடு இருக்கற மாப்பிள்ளைதான் வேணும்னு கம்பெனி மாப்பிள்ளைங்களையெல்லாம் நான் திருப்பி அனுப்பிட்டேன். இந்த மண்ண இவ்வளவு நல்லா வெச்சிருக்கற உங்க பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. வாய் கூசாம பொய் சொல்ற மாமனாரைப் பத்தித்தான் கொஞ்சம் யோசிக்கணும்!"