நெட்டையனின் மைதானம்

நெட்டையன் நீட்டிய தண்ணீர் பாட்டிலை அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோச்சுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே அணியில் ஈட்டி எறிந்தவர்கள். இவர் உயிரைக் கொடுத்து எறிந்தாலும், நெட்டையனுடைய ஈட்டி ஒரு முழம் தள்ளிப் போய்த்தான் குத்தும். இப்போது ஆளுக்கொரு கல்லூரியில் கோச். இங்கேயும் அதே கதைதான். இவர் பாடுபட்டுத் தேற்றி வைக்கும் பிள்ளைகளை அவன் வருஷா வருஷம் கொத்திக்கொண்டு போய்விடுவான். இந்த வயதிலும் அவனுக்குத் தொப்பை விழவில்லை என்பது வேறு.

ஆனால் இவள் விஷயம் அப்படியில்லை. மூங்கில் குச்சியைக் கையில் கொடுத்து எறியப் பழக்கிய நாளிலிருந்து அவர் வளர்த்த கை அது. அவரைப் போலவே இடது கை.

பள்ளிப் படிப்பு முடிந்த சூட்டோடு இரண்டு கல்லூரிகளும் அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டன. எடுக்கப்போகும் பாடமும் ஒன்றுதான். எங்கே சேர்வது என்று இன்று மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

அவருடைய மைதானம் சரளைக்கல். ஈட்டி குத்தாமல் வழுக்கிப் படுத்துவிடும். இங்கேயோ பச்சைப் பசேலென்று புல், புதுச் சுண்ணாம்புக் கோடு, பளபளவென்று வரிசையாக ஈட்டிகள். 'ஆளை மயக்கத்தான் கூட்டி வந்திருக்கிறான், பாவி!'

அவள் ஓடி வந்து எறிந்தாள். ஈட்டி விர்ரென்று போய்ப் புல்லில் குத்தி நின்றது. நெட்டையன் கைதட்டியபடியே வேலியருகில் வந்தான்.

"என்னடா, வேவு பாக்க வந்தியா? உள்ள வர்றதுதானே?"

"முழங்கை கீழ இறங்குது. அதைச் சொல்லாம கை தட்டுற."

"இறங்கட்டுமே, தூரம் போகுதில்ல? அப்படியே உன் அச்சு! ஆனா ஒண்ணு, உங்கிட்ட அவ சிரிச்சுக்கிட்டு எறிஞ்சு நான் பாத்ததே இல்ல."

அது சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நேராக அவரைத்தான் பார்த்தாள்.

"முடிவு பண்ணிட்டேன் சார். இங்கேயே சேந்துக்கறேன்."

நெட்டையன் ஈட்டிகளைப் பொறுக்கப் போவதுபோல நாசூக்காக நகர்ந்துகொண்டான். அந்த நாசூக்கு அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அப்படி என்ன இருக்கு இங்க? புல்லுத் தரையா? புது ஈட்டியா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்ப, அவன் என்னைவிட நல்ல கோச்சா?"

"இல்ல, நீங்கதான்." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"பின்ன எதுக்குடா கண்ணு அவன்கிட்ட போற?" தன் குரல் இப்படிக் கெஞ்சும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அவள் குனிந்து, ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"போன மாசம் தோத்தப்போ வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன். நீங்க வண்டிய ஓட்டிக்கிட்டு முழங்கையைப் பத்தியேதான் பேசிட்டு வந்தீங்க."

அவள் வேலிக்கம்பியின் இடுக்கில் விரலை நுழைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோத்தா திட்டறதுக்கு அவர் இருக்கட்டும். அழுதா கண்ணைத் தொடச்சு விட, வீட்டுல எனக்கு அப்பா வேணும்ப்பா!"