தொட்டித் தண்ணீர்

சேர்வராயன் சாமியிடம் ஒன்பது வருஷம் வேண்டிய பிறகு பொன்னுவேலின் மனைவி வனிதா உண்டானாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் ஓர் எறும்பைக்கூட நசுக்கவிடவில்லை. மாசமாக இருப்பவள் வீட்டில் ஓர் உயிரைக் கொன்றால் பிள்ளைக்கு ஆகாது என்று பயம்.

ஐந்தாம் மாதம் அவளுக்கு டெங்கு கண்டது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டான்.

“ரெண்டு நாள் போகாம சொல்ல முடியாதுங்க. வீட்டுத் தொட்டியில கொசுப்புழு இருந்துச்சா?”

“நொம்ப நெளிஞ்சுதுங்க.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, உங்க ஊருக்குக் கொசு மருந்து ஊத்துற ஆளே வர்றதில்லையா?”

பொன்னுவேல் வனிதாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளே நாந்தானுங்க. ஊர்ல அத்தனை தொட்டிக்கும் ஊத்துனேன். எங்க ஊட்டுல மட்டும் ஊத்தக் கை வரலீங்க.”