எஞ்சியவை

டாக்டர் கொடுத்த தாளை ஆசிரியர் இரண்டு முறை படித்தார். மேசையில் வைத்துவிட்டார்.

அங்கே ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. இரண்டிலும் அவர் பெயர்தான். இரண்டும் சளிப் பரிசோதனை முடிவுகள். நடுவில் பத்து மாதம்.

பழைய தாளில், காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் என்று இருந்தது.

புதிய தாளில், கட்டுப்படாது என்று இருந்தது. முக்கியமான இரண்டு மருந்துகளுக்குமே.

சளி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு முறை போன் வந்தது. அரையாண்டுத் தேர்வு வருகிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டர் நசீமா எழுந்து ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டார். முகக்கவசத்தை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாத்திரையை எத்தனை மாசம் போட்டீங்க, சார்?"

ஆறு என்று சொல்ல வாயெடுத்தார்.

"ரெண்டு."

இரண்டாம் மாதக் கடைசியில் நன்றாகப் பசித்தது. இருமல் நின்றது. எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது; பள்ளியில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. சுகாதார ஊழியர் போனில் விசாரித்தபோதெல்லாம், போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார்.

டாக்டர் திட்டவில்லை. கோப்பைப் புரட்டினார்.

"பயாலஜி சாரா? அப்ப உங்களுக்கு நான் விளக்கணும்னு இல்ல."

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி பரிணாமப் பாடத்தில்தான் வருகிறது.

பத்தொன்பது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்துகிறார். நடத்துவது என்றால், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார். இது வெறும் கருத்துதான், கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, ஐந்து மார்க் கேள்வி கட்டாயம் வரும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

இப்போதும் தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"தெரியாதுன்னு வச்சுக்கிட்டே சொல்லுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கிருமி மருந்துக்குப் பழகி, தன்னை மாத்திக்கிச்சு. அப்படித்தானே?" என்று அவரே கேட்டார். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

"இல்ல சார். அதுங்களுக்கு எந்த யோசனையும் கிடையாது. உங்க நுரையீரல்ல கோடிக்கணக்குல இருந்துச்சு. பெருகும்போது அங்கங்க ஒண்ணு ரெண்டு பிசகிப் பொறக்கும். அதுல சிலதை இந்த மருந்து தொடாது. மத்ததெல்லாம் ரெண்டு மாசத்துல செத்துச்சு. நீங்க நல்லாயிட்டோம்னு நிறுத்திட்டீங்க. மிச்சம் இருந்தது பெருகிருச்சு."

அவர் மூச்சை மெதுவாக இழுத்தார். மெதுவாக விட்டார்.

பசித்துச் சாப்பிட்ட அந்த நாட்களில்தான் அது நடந்திருக்கிறது.

"வேற யார்கிட்ட இருந்தாவது புதுசா ஒட்டியிருக்கலாம்லா?"

"இருக்கலாம். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அதான் ரெண்டு சாம்பிளையும் சென்னைக்கு அனுப்பி ஒப்பிடச் சொன்னேன்."

மூன்றாவது தாள் ஒன்றை எடுத்து, மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கிருமிதான். மரபணுவுல ரெண்டே இடத்துல மட்டும் வேற மாதிரி இருக்கு. ஒரு இடம் இந்த மருந்துக்கு. இன்னொண்ணு அந்த மருந்துக்கு."

அந்த இரண்டு இடங்களையும் யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள்.

அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்க முடியவில்லை.

"வேற மருந்து இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். ஆனா இப்ப அவசரம் நீங்க இல்ல, சார். இருமல் திரும்ப எப்ப வந்துச்சு?"

"மழை ஆரம்பிச்சதும். ரெண்டு மாசம் இருக்கும்."

"வீட்டுல?"

"நானும் மனைவியும்தான்."

"வேற யாரோடயாவது, மூடின ரூம்ல, தினமும் ரொம்ப நேரம்?"

சாரல் அடிக்கிறது, புத்தகம் நனைகிறது என்று அவர்தான் வகுப்பு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். மின்விசிறி ஓடியது. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். முன்பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. குரல் கம்மினாலும் ஒரு நாள் லீவு போடவில்லை. தலைமையாசிரியர் எல்லோர் முன்பாகவும் பாராட்டினார்.

யாருமில்லை என்று ஒரு வார்த்தை போதும். பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டமாக வந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாற்பத்தொரு பிள்ளைங்க" என்றார்.

டாக்டர் பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் நகர்த்தினார்.

வருகைப் பதிவேடு முழுவதும் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ப. பேச்சியம்மாள் என்று எழுதினார். பேனா நின்றது.

டாக்டர் குனிந்து பெயரைப் படித்தார்.

"இதுதான் லிஸ்ட்ல முதல் பேரா, சார்?"

"இல்ல. பதினேழாவது."

"அப்புறம் ஏன் முதல்ல எழுதினீங்க?"

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முன்பெஞ்சு. பத்து நாளா ஸ்கூலுக்கு வரல."