கடைசி பே மாஸ்டர்

"நூறு வருஷத்துல பதினோரு பே மாஸ்டர். பதினோரு பேரும் சிபாரிசுல வந்தவங்க!"

சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு சிரித்தார் சிவராமகிருஷ்ணன்.

"தட்டு வைக்க இடம் விடுங்க" என்றாள் ஜலஜா.

அவர்கள் குடியிருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து நாற்பது நிமிஷ டிரைவில் ஒரு மாநிலப் படை முகாம். வீரர்களுக்குச் சம்பளம் போடும் அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். மற்ற இடங்களில் எப்போதோ மறைந்துபோன 'பே மாஸ்டர்' என்ற பட்டத்தை அந்த முகாம் மட்டும் விடாமல் வைத்திருந்தது. 1998 ஜூனோடு அதற்கும் முடிவு. இனிமேல் ஆஸ்டினில் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அவருக்கும் அங்கேயே வேறு வேலை.

மூடுவிழாவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். பதவியின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். பழைய ஃபைல்களைப் புரட்டினால், ஒவ்வொன்றிலும் ஓர் அரசியல்வாதியின் லெட்டர்!

"முதல் ஆள் கவர்னருக்குக் குதிரை வித்தவன். நாலாவது ஆள் எலெக்‌ஷன்ல ஓட்டு சேர்த்துக் குடுத்தவன். எனக்கு முன்னாடி இருந்தாரே ஹாரல், அவர் செனட்டரோட மச்சான். பதினாலு வருஷம் மீன் பிடிக்கிறதைப் பத்தியே பேசிட்டு ரிட்டயர் ஆனார்."

"அப்படியேவா எழுதப் போறீங்க?"

"பின்னே? கடைசி பாராவைக் கேளு. 'பன்னிரண்டாவது பே மாஸ்டர் சிவராமகிருஷ்ணன். எவர் சிபாரிசும் இல்லாமல் தகுதியால் மட்டுமே வந்த முதல் மனிதர்.' டெஸ்ட், இன்டர்வியூ ரெண்டுலயும் நான்தான் ஃபர்ஸ்ட். யார் வேணா என் ஃபைலை எடுத்துப் பார்க்கட்டும்."

"நீங்க பார்த்தீங்களா?"

அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாகப் பார்த்தார். மார்க் ஷீட்டில் அவர் பெயர்தான் முதலில். திருப்தியாகத் தாளைத் திருப்பினார்.

அடுத்த தாளில் செனட்டரின் முத்திரை. 'திரு. சிவராமகிருஷ்ணனை இப்பதவிக்கு நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

ஹாரலின் மச்சானான அந்த செனட்டரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

மதியம் லெட்டரை எடுத்துக்கொண்டு நேராக ஹாரல் வீட்டுக்கு டிரைவ் பண்ணினார். கிழவர் கராஜில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் கேட்டு வாங்கினது?"

ஹாரல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நான்தான்."

"எதுக்கு சார்? லிஸ்ட்ல நான்தானே முதல்ல இருந்தேன்? எனக்கு எதுக்கு சிபாரிசு?"

"முதல்ல இருந்தே. ஆனா ரெண்டாவது ஆளைக் கூப்பிடறதுன்னு கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. உன் பேர் அவங்க வாயில நுழையலையாம். நீ பேசினா சிப்பாய்களுக்குப் புரியாதாம்."

சிவராமகிருஷ்ணன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கமிட்டியில் இருந்த நாலு பேரும் இன்டர்வியூ முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள்.

"அன்னிக்கு என்கிட்ட வேற என்ன இருந்தது, சிவா? எனக்குச் சம்பளக் கணக்கே ஒழுங்கா வராது. இருந்தது ஒரு மச்சான்தான். போய் அவன் வாசல்ல உட்கார்ந்துட்டேன். லெட்டர் வாங்காம எழுந்திருக்கலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா ஒன்பது வருஷம் இப்படித் தலை நிமிர்ந்து நடந்திருப்பியா? நீ வந்தப்புறம் ஒரு சிப்பாய்க்காவது சம்பளம் ஒரு நாள் லேட் ஆகியிருக்கா?" ஹாரல் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். "எனக்குத் தகுதி இல்லை, லெட்டர் இருந்தது. உனக்குத் தகுதி இருந்தது, லெட்டர் இல்லை. அவ்வளவுதான்."

ஆபீஸுக்குத் திரும்பியதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்.

சாயங்காலம் ஜலஜா அதைப் படித்தாள்.

"இதைப் படிச்சா, உங்களைப் பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"எந்த நாலு பேர் படிக்கணுமோ, அவங்க படிக்கட்டும்."

மூடுவிழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்து அந்த நாலு பேரும் படித்தார்கள்.

'பன்னிரண்டாவது பே மாஸ்டர் சிவராமகிருஷ்ணன். தேர்வில் முதலிடம். அப்படியும் இவருக்கு ஒரு சிபாரிசு தேவைப்பட்டது. அதை வாங்கித் தந்தவர், பதினோராவது பே மாஸ்டர் ஹாரல்.'